4 சேனல், 64 வரி

2000-களின் தொடக்கத்தில் ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த கணினி வைத்திருந்த பலரும் இந்த இசையைக் கேட்டிருப்பார்கள். பெயர்தான் தெரிந்திருக்காது. ஏதோ ஒரு மென்பொருளின் திருட்டுப் பிரதி, கூடவே கீஜென் என்று ஒரு குட்டி புரோகிராம். அதைத் திறந்தால் ஊதாவோ கறுப்போ நிறத்தில் ஒரு சின்ன சன்னல், நடுவில் சீரியல் நம்பர், திடீரென்று ஸ்பீக்கரில் ஒரு துள்ளல் பாட்டு. வீட்டில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். நம்பரைக் காப்பி செய்ததும் பலரும் சன்னலை மூடிவிடுவார்கள். நான் மூடாமல் பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருக்கிற ரகம். அது முடியாது என்பது வேறு விஷயம், சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும்.

எனக்குப் புரியாத கணக்கு ஒன்று இருந்தது. ஒரு எம்பி3 பாட்டு அப்போது 3, 4 எம்பி இருக்கும். இந்தக் கீஜென்னோ பாட்டோடு சேர்த்து பெரும்பாலும் 100 கேபியைத் தாண்டாது. பாட்டை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள்?

விடை தேடிப் போனால் அது 1980-களின் ஐரோப்பாவுக்கு, பள்ளிக்கூடப் பையன்களின் படுக்கையறைகளுக்குக் கொண்டுபோய் விடுகிறது. நம் ஊரில் ‘கம்ப்யூட்டர் இசை’ என்றால் 1986-இல் வந்த ‘புன்னகை மன்னன்’ நினைவுக்கு வரும். அது இளையராஜா கையில், ஸ்டுடியோவுக்குள் நடந்த புதுமை. நான் சொல்ல வருவது ஸ்டுடியோவும் இல்லாமல், கம்பெனியும் இல்லாமல், பல சமயம் ஸ்வரம் படிக்கவும் தெரியாமல் நடந்த இன்னொன்று.

காமடோர் 64 என்ற வீட்டுக் கணினி 1982-இல் வந்தது. அதற்குள் இருந்த எஸ்ஐடி என்ற ஒலிச் சில்லை வடிவமைத்தவர் பாப் யானஸ். மற்ற கணினிகள் ‘பீப்’ என்றுகொண்டிருந்த காலத்தில், ஃபில்டரெல்லாம் வைத்து ஒரு நிஜ சிந்தசைசரையே சில்லுக்குள் அடைக்கப் பார்த்த ஆள். பிற்பாடு என்சோனிக் என்ற சிந்தசைசர் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். சில்லில் 3 குரல்கள்தான். ராப் ஹப்பர்ட், மார்ட்டின் கால்வே போன்ற பிரிட்டிஷ்காரர்கள் அந்த மூன்றைக் கொண்டே விளையாட்டுகளுக்கு இசை போட்டார்கள். இதற்கு வாசிக்கத் தெரிந்தால் போதாது, அசெம்பிளி மொழியில் புரோகிராமும் எழுதத் தெரிய வேண்டும். அங்கேதான் கதவு பாதி மூடியிருந்தது.

1986-இல் கிறிஸ் ஹூல்ஸ்பெக் என்ற ஜெர்மன் இளைஞர் சவுண்ட்மானிட்டர் என்று ஒரு புரோகிராம் எழுதினார். அது ஒரு கணினிப் பத்திரிகையில் அச்சாகி வந்தது. ஆமாம், அச்சாகி. வாசகர்கள் பக்கம் பக்கமாக இருந்த எண்களைப் பார்த்துத் தட்டி, ஒரு எண்கூடத் தப்பாமல் சேமித்துக்கொள்ள வேண்டும். பல பேர் பொறுமையாகச் செய்தார்கள்.

இதே காலத்தில் இன்னொரு கூட்டம் விளையாட்டுகளின் காப்பிப் பூட்டை உடைத்து விநியோகித்துக்கொண்டிருந்தது. உடைத்தவன் தன் பெயர் தெரிய வேண்டாமா? விளையாட்டு தொடங்கும் முன் ஒரு திரை, அதில் ஓடும் எழுத்து, நண்பர்களுக்கு வணக்கம், எதிரிகளுக்கு வசவு, பின்னணியில் இசை. கிராக்ட்ரோ என்பார்கள். நாளடைவில் விளையாட்டை விட்டுவிட்டு அந்த முன்திரையை மட்டுமே போட்டிக்காகச் செய்ய ஆரம்பித்தார்கள். அதுதான் டெமோசீன். நம் வீட்டு கீஜென் அந்த வம்சத்தின் கடைக்குட்டி.

சரி, இந்த இசையைச் செய்ய உதவிய டிராக்கர் என்ற வகை மென்பொருளுக்கு வருவோம்.

1985-இல் காமடோர் கம்பெனியின் அமிகா என்ற கணினி வந்தது. 1987-இல் அமிகா 500, அமெரிக்காவில் 699 டாலர். அதன் ஒலிச் சில்லுக்குப் பெயர் பாலா. (நம்மூர் பாலா இல்லை, பெண் பெயர்.) எஸ்ஐடி போல ஒலியைத் தானே உற்பத்தி செய்யாது, பதிவு செய்த ஒலித் துணுக்கை எடுத்து வாசிக்கும். 8 பிட் தரம், ஒரே சமயத்தில் 4 சேனல். இப்படி ஒலியைப் பதிவு செய்து வாசிக்கிற, அதாவது சாம்ப்ளிங் செய்கிற, ஃபேர்லைட் என்ற ஆஸ்திரேலியக் கருவி 1979-லேயே இருந்தது, ஆனால் விலை பல்லாயிரம் டாலர். பெரிய நட்சத்திரங்கள்தான் வாங்க முடியும். அமிகாவையோ ஹோம்வொர்க் செய்யத்தான் என்று சொல்லி அப்பாவிடம் வாங்கிவிடலாம்.

அதே 1987-இல் கார்ஸ்டன் ஓபார்ஸ்கி என்ற ஜெர்மானியர் அமிகாவுக்காக அல்டிமேட் சவுண்ட்டிராக்கர் என்ற மென்பொருளை எழுதினார். விலைக்கு விற்கத்தான் வெளியிட்டார்கள். வாங்கினவர்களைவிட, அதைப் பிரித்துப் பார்த்துத் தங்களுக்கு வேண்டியபடி மாற்றி இலவசமாக விட்டவர்கள்தான் அதை ஊரெல்லாம் கொண்டுசேர்த்தார்கள். 15 சாம்பிள் (ஒலித் துணுக்கு) வைக்கலாம் என்பது 31 ஆனது. 1989-இல் ஸ்வீடனிலிருந்து நாய்ஸ்டிராக்கர், 1990-இல் புரோடிராக்கர். ஓபார்ஸ்கிக்கு இதில் பெரிதாகப் பணம் கிடைத்திருக்காது. அவர் போட்ட திரை அமைப்பு மட்டும் இன்றுவரை மாறவில்லை.

திரையில் நான்கு நெடுவரிசை, ஒவ்வொன்றும் ஒரு சேனல். மேலிருந்து கீழாக 64 வரிகள், அது ஒரு பேட்டர்ன். ஒவ்வொரு கட்டத்திலும் எந்த ஸ்வரம், எந்த சாம்பிள், என்ன எஃபெக்ட் என்று எழுத வேண்டும். பாட்டு ஓடும்போது வரிகள் மேலே உருண்டுகொண்டே போகும். தனியாக பியானோ எதுவும் வேண்டாம், கணினிக் கீபோர்டின் கீழ் வரிசையே வெள்ளைக் கட்டைகள், அதற்கு மேல் வரிசை கறுப்புக் கட்டைகள். கல்லூரி விடுதியில் ஒரு சீனியர் எனக்கு இம்பல்ஸ் டிராக்கரை ஃப்ளாப்பியில் கொடுத்தபோதுதான் இந்தத் திரையை முதலில் பார்த்தேன். எங்கள் தெருவில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் ஒரு அண்ணன் இருந்தார். விடுமுறையில் அவருக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “என்னடா தம்பி இது, ரயில்வே டைம்டேபிள் மாதிரி இருக்கு. பாட்டு எங்கடா?” என்றார். ஓடவிட்டதும் கிட்டே வந்து உட்கார்ந்துகொண்டார்.

நான்கு சேனல் என்பது எவ்வளவு குறைவு என்று இசை போடுகிறவர்களுக்குத் தெரியும். டிரம்ஸ் ஒன்று, பேஸ் ஒன்று எடுத்துக்கொண்டால் மீதம் இரண்டு. மெலடிக்கு ஒன்று போனால், பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கிற கார்டுக்கு ஒன்றே ஒன்று. கார்டு என்றாலே மூன்று ஸ்வரம் வேண்டுமே? இங்கேதான் பையன்களின் மூளை வேலை செய்தது. ஒரு வழி, மூன்று ஸ்வரத்தையும் சேர்த்து வாசித்து அதையே ஒரு சாம்பிளாகப் பதிவு செய்துகொள்வது. இன்னொரு வழி ஆர்பெஜியோ: ஒரே சேனலில் மூன்று ஸ்வரத்தையும் வெகுவேகமாக மாற்றி மாற்றி வாசித்தால் காது அதைக் கார்டாக எடுத்துக்கொள்ளும். அந்தக் ‘கிர்ர்’ இல்லாமல் சிப்டியூன் என்கிற இந்தச் சில்லுப் பாணி இசை இல்லை. காமடோர் 64 காலத்திலேயே வந்த தந்திரம்தான். பற்றாக்குறையை மறைக்கச் செய்தது, அப்புறம் அதுவே ஒரு பாணி. 

எதிரொலிக்குத் தனிக் கருவி கிடையாது. மெலடிக்கு இடையே வெற்று வரி இருந்தால் அதே ஸ்வரத்தை அங்கே குறைந்த சத்தத்தில் இன்னொரு முறை எழுதிவிடுவார்கள். கேட்கிறவனுக்குப் பெரிய மண்டபத்தில் வாசித்த உணர்வு வரும். பேஸ் டிரம் அடிக்கும் அந்த ஒரு வரியில் பேஸ் கிடார் ஸ்வரம் இருக்காது, இரண்டும் ஒரே சேனலைப் பங்குபோட்டுக்கொள்ளும். இந்தச் சிக்கனத்தைப் பழகினவனுக்கு 100 டிராக் கொடுத்தாலும் அநாவசியமாக நிரப்ப மாட்டான் என்று நான் நம்புகிறேன். இதற்கு நேரெதிரான பாட்டுகளையும் கேட்டிருக்கிறேன், அது வேறு கதை.

அமிகாவின் நான்கு சேனலில் இரண்டு முழுக்க இடது பக்கம், இரண்டு முழுக்க வலது பக்கம். நடுவே ஒன்றும் கிடையாது. ஹெட்ஃபோனில் கேட்டால் சீக்கிரம் தலைவலி வரும்.

என்னை மிகவும் கவர்ந்த விவரம் வேகத்தைப் பற்றியது. ஆரம்பகால டிராக்கர்கள் நேரத்தைக் கணக்கிட டிவித் திரையின் துடிப்பையே பிடித்துக்கொண்டன. ஐரோப்பாவின் ‘பால்’ (PAL) என்ற டிவி முறையில் திரை நொடிக்கு 50 தடவை புதுப்பிக்கப்படும். ஒரு வரிக்கு 6 துடிப்பு என்பது வழக்கமான அளவு. நான்கு வரி ஒரு தாளம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் நிமிடத்துக்குச் சரியாக 125 தாளம் வரும். 6-ஐ 5 ஆக்கினால் 150. 7 ஆக்கினால் 107 சொச்சம். நடுவே எதுவும் இல்லை. பிறகு வந்த டிராக்கர்கள் இதைச் சரி செய்தன, ஆனாலும் 125 என்ற இயல்புநிலை அப்படியே தங்கிவிட்டது. கிளப்பில் ஆடுவதற்கும் அது கச்சிதமான வேகம். ஐரோப்பாவின் மின்சாரம் 60 துடிப்பில் ஓடியிருந்தால் டிவியும் 60 ஆகி, இந்தப் பாட்டுகள் எல்லாம் 150-இல் ஓடியிருக்கும்.

64 வரி என்பது நாலு நாலாகப் போகிறவனுக்குத்தான் சௌகரியம். எனக்கு வேண்டியது சிக்ஸ் எய்ட், அதாவது நம் ஊர்க் குத்துக்கும் தெம்மாங்குக்கும் வருகிற நடை. 64 அதற்கு வகுபடாது. 48-ஆவது வரியில் ‘இத்தோடு அடுத்த பேட்டர்னுக்குப் போ’ என்று ஒரு கட்டளை எழுதி வெட்டிவிட வேண்டும். சீனியர்தான் சொல்லிக்கொடுத்தார். அவர் அதை எங்கே கற்றார் என்று கேட்டேன். யாரோ ஒரு ஃபின்லாந்துக்காரரின் பாட்டைத் திறந்து பார்த்தாராம்.

இந்தத் ‘திறந்து பார்த்தேன்’ என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டுகிறேன். வீட்டுக் கணினி மலிவாக வந்ததால் தனி ஆட்கள் எலெக்ட்ரானிக் இசை செய்ய ஆரம்பித்தார்கள், இணையம் அதை உலகமெல்லாம் பரப்பியது என்று பொதுவாகச் சொல்வார்கள். பொய்யில்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதி அந்த ஃபைலுக்குள் இருந்தது. டிராக்கரில் செய்த பாட்டைச் சேமிக்கிற மாட் (MOD) ஃபைல் என்பது ஒலிப்பதிவு அல்ல. ஸ்வரங்களின் பட்டியல், அவற்றை வாசிக்க வேண்டிய ஒலித் துணுக்குகள், எஃபெக்டுகள் எல்லாம் ஒரே பொட்டலம். பாட்டைக் கேட்க எந்த ஃபைலோ, அதே ஃபைலை டிராக்கரில் திறந்தால் செய்தவன் என்னென்ன செய்தான் என்று வரிக்கு வரி தெரியும். ஒரு சேனலை மட்டும் அணைக்கலாம். டிரம் சாம்பிளை மட்டும் உருவி எடுக்கலாம். எந்த வரியில் சத்தத்தைக் குறைத்தான், எங்கே ஸ்வரத்தை வழுக்கவிட்டான் என்று பார்க்கலாம். கேட்கிறவனுக்கும் செய்கிறவனுக்கும் நடுவில் சுவரே இல்லை.

வேறெந்த இசையில் இப்படி உண்டு? சங்கீத வித்வான் மேடையில் பாடுவதைக் கேட்டு அவர் சாதகம் செய்த விதத்தைக் கண்டுபிடிக்க முடியாது. சினிமாப் பாட்டின் தனித்தனி டிராக்குகள் ஸ்டுடியோ அலமாரியை விட்டு வெளியே வராது. இங்கே முதல் தர ஆளின் மேஜையைப் பதினாலு வயசுப் பையன் உட்கார்ந்து குடையலாம், அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆசிரியர் இல்லாமல் ஒரு தலைமுறையே கற்றுக்கொண்டது என்றால் ஃபைலே ஆசிரியராக இருந்ததால்தான்.

கீஜென் புதிருக்கும் விடை இதிலேயே இருக்கிறது. ஒரு பேட்டர்னுக்கு 64 வரி, 4 சேனல், கட்டத்துக்கு 4 பைட்; மொத்தம் 1,024 பைட். அதாவது ஒரு கேபி. முழுப் பாட்டின் ஸ்வரங்கள் 20, 30 கேபியில் அடங்கிவிடும். இடத்தை அடைப்பது சாம்பிள்கள்தான். அவற்றுக்குப் பதில் சில பத்து பைட் நீளமுள்ள ஒரு சின்ன அலையைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டால் அது பழைய சில்லின் குரலில் பாடும். அப்படிச் செய்கிற பாட்டு மொத்தமாகவே 20 கேபிக்குள் முடிந்துவிடும்.

ஒவ்வொரு சாம்பிளுக்கும் பெயர் வைக்க 22 எழுத்து இடம் உண்டு. ‘பேஸ் டிரம்’, ‘ஸ்னேர்’ என்று எழுதத்தான் கொடுத்தது. இவர்கள் அதில் கடிதம் எழுதினார்கள். முதல் சாம்பிளின் பெயரில் பாட்டின் தலைப்பு, அடுத்ததில் செய்தவர் பெயர், அதற்கடுத்து ‘டிஸ்க் அனுப்ப’ என்று வீட்டு முகவரி, பிறகு ஒவ்வொரு நண்பனுக்கும் ஒரு வணக்கம். முப்பத்தொரு வரிக் கடிதம். பாட்டு எங்கே போகிறதோ அதுவும் கூடவே போகும், யாரும் பிரிக்க முடியாது.

இவ்வளவு திறந்து கிடந்தால் திருட்டு நடக்காதா? நடந்தது. அதற்கென்று ஒரு எழுதாத சட்டமும் இருந்தது. இன்னொருவரின் பாட்டிலிருந்து சாம்பிளை எடுத்தால் முகம் சுளிப்பார்கள், ஆனால் விட்டுவிடுவார்கள். மெலடியையோ பேட்டர்னையோ அப்படியே எடுத்தால் ‘ரிப்பர்’ என்று பட்டம் கட்டி ஒதுக்கிவிடுவார்கள். எல்லாரிடமும் மூல ஃபைல் இருந்ததால் கண்டுபிடிப்பது சுலபம். ஆனால் அந்த சாம்பிள்களில் பல வேறு யாருடைய இசைத்தட்டிலிருந்தோ உருவியவை என்பதைப் பற்றி அவ்வளவாக யாரும் கவலைப்படவில்லை. அந்தக் காலத்தின் ஒரு குருட்டுப் பக்கம் அது.

ஆரம்பத்தில் இதெல்லாம் தபாலில் போயிற்று. அமிகா ஃப்ளாப்பி 880 கேபி, அதில் ஐந்தாறு பாட்டு வைக்கலாம். டிஸ்குகளைக் கவரில் போட்டு நாடு நாடாக அனுப்புவதற்கென்றே ஒவ்வொரு குழுவிலும் ‘ஸ்வாப்பர்’ என்று ஒருவன் இருப்பான். தபால்தலை வாங்கக் காசு? தலையின் மேல் பசையைப் பூசி அனுப்புவார்கள். முத்திரை பசையின் மேல்தான் விழும். கழுவி எடுத்தால் தலை புதுசு. ‘தலையைத் திருப்பி அனுப்பு’ என்று கடிதத்திலேயே எழுதியிருக்கும். இப்படி ஐரோப்பியத் தபால் துறைகளுக்கு எவ்வளவு நஷ்டம் என்று யாரும் கணக்கு எடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அப்புறம் மோடம். நொடிக்கு 2,400 பிட் வேகத்தில் 150 கேபி பாட்டு இறங்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். 14,400 வேகத்தில் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதே மோடத்தில் சிடி தரத்தில் ஒரு நான்கு நிமிடப் பாட்டை இறக்கப் பார்த்தால் எட்டு மணி நேரம். இதைவிட எளிதாக விஷயத்தை விளக்க முடியாது. எம்பி3 பரவுவதற்கு முன்னாலேயே, இணையத்தின் குறுகலான குழாய்க்குள் முழுப் பாட்டாக நுழைந்து போகக்கூடியதாக இருந்த இசை இதுதான். மோடம் வழியாகத் தொடர்புகொண்டு ஃபைல் பகிர்கிற பிபிஎஸ் என்ற கணினிகளில் ஏறியது. 1992-இல் அமிநெட் தொடங்கியது, அமிகாவுக்கான பெரிய இணைய ஃபைல் கிடங்கு. பிசி பக்கம் ஹார்னெட் ஆர்க்கைவ், 1998 வரை ஓடியது. 1996-இல் மாட் ஆர்க்கைவ், அது இன்றும் இருக்கிறது.

லேபிள்களும் இதற்குள்ளேயே முளைத்தன. காஸ்மிக் என்ற குழு தன்னை ‘இலவச இசை அறக்கட்டளை’ என்றே அழைத்துக்கொண்டது. 1996-இல் சைமன் கார்லெஸ் தொடங்கிய மோனோடோனிக், முதலில் மாட் ஃபைல்களையும் பிறகு எம்பி3-களையும் வெளியிட்டது. நெட்லேபிள் என்று பிற்காலத்தில் சொன்னதன் முன்னோடிகளில் ஒன்று. காசு கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. நல்லதைப் பொறுக்கி எடுத்துத் தன் முத்திரையோடு வெளியிடுகிற ஒருவர் இருக்கிறார் என்பதே மதிப்பு. கலிஃபோர்னியாவில் சாண்டா குரூஸ் மாணவர்கள் 1993-இல் தொடங்கிய ஐயூஎம்ஏ இன்னொரு தனி முயற்சி. லேபிள் கிடைக்காத குழுக்களின் பாட்டுகளை இணையத்தில் ஏற்றினார்கள். அங்கே போனவை முழு ஒலிப்பதிவுகள். கேட்கலாம், திறக்க முடியாது.

பிசியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1989-இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டர் என்ற ஒலி அட்டையைக் கொண்டுவந்தது. 1992-இல் கிராவிஸ் அல்ட்ராசவுண்ட், 32 குரலை அட்டையே கலந்து தரும். டிராக்கர்காரர்களுக்கு அது தெய்வ அட்டை. ஃபின்லாந்தின் ஃபியூச்சர் குரூ என்ற குழுவிலிருந்து ஸ்கிரீம் டிராக்கர், ஸ்வீடனின் டிரைட்டன் குழுவிலிருந்து ஃபாஸ்ட் டிராக்கர் 2, ஜெஃப்ரி லிம் எழுதிய இம்பல்ஸ் டிராக்கர். 1993-இல் ஃபின்லாந்தின் அசெம்ப்ளி என்ற டெமோசீன் விழாவில் ஃபியூச்சர் குரூவின் ‘செகண்ட் ரியாலிட்டி’ என்ற டெமோ முதல் பரிசு வாங்கியது. அதற்கு இசை போட்டவர்கள் பர்ப்பிள் மோஷனும் ஸ்கேவனும். பர்ப்பிள் மோஷன் என்கிற யோனே வால்டோனன் பிற்பாடு முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு விளையாட்டு இசையை எழுதித் தருகிறவராக ஆனார். நாலு நெடுவரிசையில் பழகியவர் கொலோனில் சிம்ஃபனி மேடைக்குப் போனார் என்பதில் எனக்கு ஏனோ ஒரு சந்தோஷம்.

இதெல்லாம் கணினிக் கிறுக்கர்களின் தனி உலகம் என்று தோன்றலாம். லண்டன் பக்கம் பார்த்தால் அப்படியில்லை. 1992-இல் அர்பன் ஷேக்டவுன் என்ற பெயரில் வந்த ‘சம் ஜஸ்டிஸ்’ பிரிட்டிஷ் ரேவ் கூட்டங்களைக் கலக்கியது. அதைச் செய்தவர்களில் ஒருவரான கேவின் கிங், அஃப்ரோடைட்டி என்ற பெயரில் பிறகு ஜங்கிள் என்ற வேகமான நடன இசையில் பேர் வாங்கியவர். பாட்டு உருவானது இரண்டு அமிகாக்களில். ஸ்டுடியோ சாம்ப்ளருக்கு ஆயிரக்கணக்கில் பவுண்டு கொடுக்க முடியாத பையன்கள் அமிகாவில் ஆக்டாமெட் என்ற ஃபின்லாந்து டிராக்கரை ஏற்றிக்கொண்டு ஹார்ட்கோரும் ஜங்கிளும் செய்தார்கள்.

ஜங்கிளின் உடம்பே டிராக்கருக்கு ஏற்ற உடம்பு. பாலா சில்லில் ஒரு சாம்பிளின் ஸ்ருதியை ஏற்றினால் வேகமும் கூடும், இரண்டையும் பிரிக்க முடியாது. பழைய ஃபங்க் டிரம் ஒன்றை எடுத்து 160-க்கு விரட்டினால் அது மெலிந்து, பதறி, வேறு ஏதோவாக ஆகிறது. புரோடிராக்கர் வகையறாவில் 9 என்று ஒரு எஃபெக்ட் உண்டு, சாம்பிளை நடுவிலிருந்து தொடங்கச் சொல்வது. டிரம் துணுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு, ஒரு வரியில் அதன் ஆரம்பம், அடுத்த வரியில் நடு, அதற்கடுத்து மறுபடி ஆரம்பம் என்று எழுதிக்கொண்டே போனால் எந்த டிரம்மரும் வாசிக்க முடியாத ஒரு தாளம் வரும். இதைக் கையால் வாசித்துக் கண்டுபிடித்திருக்க முடியாது, பட்டியலாக எழுதினவனுக்குத்தான் தோன்றும். கனடாவின் வெனிஷியன் ஸ்னேர்ஸ் இதை எங்கே கொண்டுபோனார் என்று கேட்டுப் பாருங்கள். அவரும் ஆக்டாமெட்டில் தொடங்கியவர். கால்வின் ஹாரிஸ் 2007-இல் வெளியிட்ட முதல் ஆல்பம்கூட ஒரு பழைய அமிகாவில் ஆக்டாமெட் வைத்துச் செய்ததுதான்.

அந்த டிரம் துணுக்குகளில் மிகவும் வெட்டுப்பட்டது 1969-இல் வின்ஸ்டன்ஸ் குழு பதிவு செய்த ‘ஆமென், பிரதர்’ பாட்டின் சில நொடிகள். வாசித்தவர் கிரெகரி கோல்மன். ஒரு இசை வகையே அவர் கையின் மேல் நின்றது. அவருக்கு ராயல்டி என்று ஒரு காசு வரவில்லை. 2006-இல் வீடில்லாமல் இறந்தார். திறந்த ஃபைலைப் பற்றி இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்லாமல் போவது நியாயமில்லை.

அதற்கு நேர்மாறான ஒரு வழக்கும் உண்டு. டெம்பெஸ்ட் என்ற பெயரில் இசை போட்ட ஃபின்லாந்துக்காரர் 2000-இல் செய்த ‘ஆசிட்ஜாஸ்ட் ஈவ்னிங்’ என்ற நான்கு சேனல் பாட்டு அந்த ஆண்டு அசெம்ப்ளியில் பரிசு வாங்கியது. நார்வேக்காரர் ஒருவர் அதைக் காமடோர் 64-க்கு மாற்றினார். 2006-இல் நெல்லி ஃபர்டாடோவின் ‘லூஸ்’ ஆல்பத்தில், டிம்பலாண்ட் தயாரிப்பில் வந்த ‘டூ இட்’ பாட்டைக் கேட்டவர்கள் அதற்குள் இந்த மெலடியை அடையாளம் கண்டார்கள். உரிமை வைத்திருந்த ஃபின்லாந்து நிறுவனம் ஃப்ளோரிடாவில் வழக்குப் போட்டது. 2011-இல் தள்ளுபடி. பாட்டைக் காப்பியடித்தார்களா இல்லையா என்ற கேள்விக்கே நீதிமன்றம் போகவில்லை. இணையத்தில் போட்டது உலகமெங்கும் ஒரே நேரத்தில் வெளியிட்டது ஆகிறது, அதனால் அது அமெரிக்காவில் வெளியானதாகவும் கணக்கு, அப்படியென்றால் அங்கே பதிப்புரிமைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்றார் நீதிபதி. மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருடைய காரணத்தை ஏற்கவில்லை, முடிவை மட்டும் 2012-இல் உறுதி செய்தது. படுக்கையறையில் பாட்டு செய்து இலவசமாக ஏற்றுகிற எவனுக்கு வாஷிங்டனில் பதிவு செய்ய வேண்டும் என்று தோன்றும்?

1990-களின் கடைசியில் எம்பி3 எல்லாவற்றையும் மாற்றியது. குரல் வைக்கலாம், நிஜக் கருவிகள் வைக்கலாம், சேனல் கணக்கு வேண்டாம். 1997-இல் தொடங்கிய எம்பி3.காம் தளத்தில் யார் வேண்டுமானாலும் ஏற்றலாம். அதே காலத்தில் பெல்ஜியத்திலிருந்து ஃப்ரூட்டிலூப்ஸ், ஸ்வீடனிலிருந்து ரீபர்த் என்று கண்ணுக்கு இதமான மென்பொருள்கள் வந்தன. எண்பட்டியலைக் கட்டி அழ வேண்டியதில்லை. இன்று சென்னையிலும் கோவையிலும் வீட்டு அறையில் பீட் செய்கிற எத்தனையோ பேர் அந்த ஃப்ரூட்டிலூப்ஸின் வாரிசைத்தான் திறந்து வைத்திருக்கிறார்கள். லாபம் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் ஃபைல் மூடிக்கொண்டது. கேட்கலாம், பிரிக்க முடியாது. கற்றுக்கொள்ள இப்போது யாராவது ஒரு வீடியோ போட்டு, திரையைக் காட்டி, நடுவில் விளம்பரமும் காட்டிச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. எம்பி3.காம் 2003-இல் கைமாறியபோது அங்கே ஏற்றி வைத்திருந்த பாட்டுகளை அழித்துவிட்டார்கள். லட்சக்கணக்கான பாட்டுகள். 1989-இல் ஸ்வீடனில் ஒரு பையன் ஃப்ளாப்பியில் போட்டு அனுப்பின பாட்டு இன்று என் கணினியில் ஓடுகிறது. அதை யாரும் பாதுகாக்கத் திட்டம் போடவில்லை. சின்னதாக இருந்தது, கையில் கிடைத்தவனெல்லாம் காப்பி எடுத்தான், அவ்வளவுதான். ஃபின்லாந்து 2020-இலும் ஜெர்மனி 2021-இலும் டெமோசீனைத் தங்கள் நாட்டின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தன. பசை தடவின தபால்தலையும் அதில் அடக்கமா என்று தெரிந்துகொள்ள ஆசை.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு: ஓப்பன்எம்பிடி என்ற டிராக்கர் இலவசம், இன்றைய விண்டோஸிலும் ஓடும். மாட் ஆர்க்கைவுக்குப் போய் கேப்டன் என்பவரின் ‘ஸ்பேஸ் டெப்ரி’ பாட்டை இறக்கிக்கொள்ளுங்கள். நான்கே சேனல். செய்தவர் மார்க்கஸ் கார்லோனன், பிறகு போயட்ஸ் ஆஃப் த ஃபால் என்ற ராக் குழுவில் கீபோர்டு வாசிக்கப் போனவர். முதலில் ஒரு முறை சும்மா கேளுங்கள். அப்புறம் டிராக்கரில் திறந்து, ஒவ்வொரு சேனலாக அணைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். மூன்றாவது தடவை சாம்பிள்களை மாற்றிப் பாருங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.